‘கொஞ்சம் வேகமாத்தானே போனேன்!’ – சாலையில் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு?

வெள்ளிக்கிழமை இரவு. நண்பருக்குப் போன மாதம்தான் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. பகிர்வுக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தாயிற்று. நான்கு பேரும் சாங்கி பக்கம் சாப்பிடக் கிளம்பிவிட்டீர்கள். விரைவுச்சாலை காலியாக இருக்கிறது. பாட்டு சத்தமாக ஓடுகிறது. மீட்டரில் முள் 90ஐத் தாண்டுகிறது. அப்புறம் 100. அப்புறம் 110.

பின் இருக்கையில் இருக்கும் உங்களுக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. "ஏதாவது சொன்னா பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணுவாங்க" என்ற தயக்கம். நண்பரைக் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார்: "கொஞ்சம் வேகமாத்தானே போறேன்?"

அந்தக் ‘கொஞ்சம்’ உண்மையில் எவ்வளவு? அதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம். நீங்கள் ஓட்டுபவராக இருந்தாலும் சரி, உட்கார்ந்து போகிறவராக இருந்தாலும் சரி, இது உங்களுக்கும்தான்.

முதலில் நிலவரம் என்ன?

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 136 பேர் மாண்டனர். 2024இல் அது 142ஆக உயர்ந்தது. அவர்களில் பத்தில் ஆறு பேர் மோட்டார்சைக்கிளோட்டிகள் அல்லது அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள்.

உலக அளவில் நிலவரம் இன்னும் மோசம். ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 வயதுக்கும் 29 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பதும் சாலை விபத்துதான்.

அதாவது, உலக அளவில் உங்கள் வயதுக்காரர்களுக்கு ஆகப் பெரிய ஆபத்து வீட்டு வாசலில் தொடங்கும் சாலையில்தான் இருக்கிறது.

வேகமாகப் போனால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

விரைவுச்சாலையில் 12 கிலோமீட்டர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

• மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால்: 8 நிமிடம்.
• மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போனால்: ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

மிச்சம்? ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரம். சாப்பாட்டுக் கடையில் கோப்பி வாங்க வரிசையில் நிற்கும் நேரம் இதைவிட அதிகம்.

அதுவும் வழியில் எந்தத் தடையும் இல்லாவிட்டால்தான். விரைவுச்சாலையைவிட்டு வெளியே வந்ததும் முதல் சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும். பின்னால் நிதானமாக வந்த கார் அங்கே பக்கத்தில் வந்து நிற்கும். மிச்சம் பிடித்த ஒன்றரை நிமிடமும் அங்கேயே கரைந்துவிடும்.

ஆக, வேகம் கொடுப்பது ரொம்பக் குறைவு. அது எடுத்துக்கொள்வது என்ன?

பிரேக்கை மிதித்தால் கார் உடனே நின்றுவிடுமா?

நிற்காது. நிற்பதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு.

முதல் கட்டம்: நீங்கள் உணரும் நேரம். முன்னால் ஏதோ வருவதைக் கண் பார்க்க வேண்டும். அது ஆபத்து என்று மூளை புரிந்துகொள்ள வேண்டும். கால் ஒரு மிதியிலிருந்து இன்னொரு மிதிக்கு மாற வேண்டும். கவனமாக ஓட்டுபவருக்கே இதற்கு ஒன்றரை விநாடி ஆகலாம். அதுவரை கார் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாம் கட்டம்: பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம். இங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது.

காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். எல்லாமே சரியாக இருக்கும்போது இரண்டு கட்டங்களையும் சேர்த்தால் தோராயமாக இவ்வளவு தூரம் வேண்டும்:

• மணிக்கு 50 கிலோமீட்டர்: 35 மீட்டர்
• மணிக்கு 70 கிலோமீட்டர்: 56 மீட்டர்
• மணிக்கு 90 கிலோமீட்டர்: 82 மீட்டர்
• மணிக்கு 110 கிலோமீட்டர்: 112 மீட்டர்

மீட்டரில் சொன்னால் மனதில் பதியாது, இல்லையா? நாம் தினமும் ஏறும் சாதாரண ஒற்றை மாடிப் பேருந்தின் நீளம் சுமார் 12 மீட்டர். 50இல் போகிறவருக்கு நிற்க மூன்று பேருந்து நீளம் வேண்டும். 90இல் போகிறவருக்கு ஏழு. 110இல் போகிறவருக்கு ஒன்பதுக்கும் மேல்.

இப்போது ஒரு கேள்வி. போன தடவை நீங்கள் விரைவுச்சாலையில் போனபோது உங்கள் காருக்கும் முன்னால் போன காருக்கும் நடுவில் எத்தனை பேருந்து நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது?

வெறும் 20 கிலோமீட்டர்தானே அதிகம்?

சிங்கப்பூரில் வேறு அறிவிப்புப் பலகை இல்லாத சாலைகளில் வேகவரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். அப்படி ஒரு சாலையில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் போகின்றன. ஒன்று 50இல். இன்னொன்று 70இல். சரியாக 35 மீட்டருக்கு முன்னால் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடி வருகிறான். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள். ஒரே நொடியில் பிரேக்கை மிதிக்கிறார்கள்.

50இல் வந்த கார் சிறுவனுக்கு முன்னால் நின்றுவிடும். மயிரிழையில்தான். ஆனாலும் நிற்கும்.

70இல் வந்த கார்? ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும்போதே 29 மீட்டர் போயிருக்கும். மிச்சம் இருப்பது 6 மீட்டர். அந்த 6 மீட்டரில் என்னதான் அழுத்தி மிதித்தாலும், சிறுவன் நிற்கும் இடத்தை அடையும்போது காரின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்.

மறுபடியும் படித்துப் பாருங்கள். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது கார் 60க்கும் மேலான வேகத்தில் மோதுகிறது. இரண்டாவது ஓட்டுநருக்குத் திறமை குறைவு என்று சொல்ல முடியாது. அவரும் பார்த்தார், அவரும் மிதித்தார். அவரிடம் இல்லாதது தூரம் மட்டும்தான். அந்தத் தூரத்தை அவர் சிறுவனைப் பார்ப்பதற்கு முன்பே, ஆக்சிலரேட்டரை மிதித்தபோதே செலவழித்துவிட்டார்.

"எனக்கு நல்லா கண்ட்ரோல் இருக்கு" என்று சொல்லும் நண்பருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மழை பெய்தால்?

நம் ஊரில் மழைக்குக் கேட்கவே வேண்டாம். ஈரமான சாலையில் டயரின் பிடி குறைகிறது. 90இல் போகும் காருக்குக் காய்ந்த சாலையில் 82 மீட்டர் போதும் என்று பார்த்தோம். ஈரத்தில் அது 100 மீட்டரைத் தாண்டிவிடும்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது.

மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கு இன்னும் சிரமம். சாலையில் வரைந்த வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும்கூட மழையில் வழுக்கும். வேகத்தைக் குறைப்பது, முன்னால் இடைவெளியைக் கூட்டுவது, விளக்கைப் போட்டுக்கொள்வது – மழைக்கு இந்த மூன்றும் கட்டாயம்.

இடைவெளி போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எளிய வழி ஒன்று உண்டு: இரண்டு விநாடி விதி. முன்னால் போகும் கார் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணத் தொடங்குங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மழையென்றால் நான்கு விநாடி வரை எண்ணுங்கள்.

"இடம் விட்டா வேற எவனாவது உள்ள நுழைஞ்சிடுவான்" என்று சிலர் சொல்வதுண்டு. நுழையட்டுமே. மறுபடி கொஞ்சம் பின்னால் வாருங்கள். உங்களுக்கு ஆகும் நட்டம் இரண்டு விநாடி.

மோதினால் உடம்புக்கு என்ன ஆகும்?

வேகத்தை உயரமாக மாற்றிப் பார்த்தால் சட்டென்று புரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வீவக புளோக்கில் நான்காம் மாடி உயரம் அது. 70 என்றால் ஏழாம் மாடி. 90 என்றால் 11, 12ஆம் மாடி.

நான்காம் மாடித் தாழ்வாரத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். அங்கே எவ்வளவு கவனமாக நிற்பீர்கள்? ஆனால் காருக்குள் உட்கார்ந்தால் அந்தப் பயம் வருவதில்லை. குளிர்சாதனம், பாட்டு, மெத்தென்ற இருக்கை எல்லாமே வேகத்தை மறைத்துவிடுகின்றன.

இருக்கை வார் இங்கேதான் உயிர் காக்கிறது. காரில் செல்வோர் உயிரிழக்கும் அபாயத்தை அது பாதி வரை குறைக்க முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பின் இருக்கையில் இருப்பவர்களும் வார் அணிய வேண்டும் என்பது சிங்கப்பூரில் சட்டம். "பின்னாடிதானே உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டாம். கார் மோதி நிற்கும்போது வார் போடாத உங்கள் உடம்பு நிற்காது. அதே வேகத்தில் முன்னால் போய் முன் இருக்கையில் இருப்பவரை மோதும். நீங்கள் வார் போடுவது உங்களுக்கு மட்டுமல்ல, முன்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

மோட்டார்சைக்கிளில் தலைக்கவசம். அதைச் சரியாக அணிந்தால் உயிரிழக்கும் அபாயம் ஆறு மடங்குக்கும் மேல் குறையும் என்கிறது அதே நிறுவனம். ‘சரியாக’ என்பதைக் கவனியுங்கள். கொக்கி மாட்டாத தலைக்கவசம் தலைக்கு முன்னால் கழன்று ஓடிவிடும்.

"ஒரே ஒரு மெசேஜ்தான்..."

போன் அடிக்கிறது. திரையில் யார் என்று பார்க்க இரண்டு விநாடி. விரைவுச்சாலையில் 90இல் போகும்போது அந்த இரண்டு விநாடியில் கார் 50 மீட்டர் போய்விடும். ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் முழு நீளம் அது. அத்தனை தூரமும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் சாத்தியம் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சிங்கப்பூரில் ஓடும் வாகனத்தை ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். முதல்முறை குற்றவாளிக்கு 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுபடி செய்தால் இரட்டிப்பு.

போனைத் தொடாமல் இருக்க மனவுறுதியை மட்டும் நம்ப வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே வழிகாட்டிச் செயலியில் இடத்தைப் போட்டுவிடுங்கள். பாட்டுப் பட்டியலைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பிறகு ஓசையை நிறுத்திப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்பா ஓட்டும்போது போன் அடித்தால், "அப்பா, என்கிட்ட குடுங்க, நான் பேசுறேன்" என்று கையை நீட்டுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டினால்?

சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு: 100 மில்லிலிட்டர் சுவாசத்தில் 35 மைக்ரோகிராம் மது, அல்லது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். அதைத் தாண்டிப் பிடிபட்டால் முதல்முறையே 2,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமமும் போகும்.

ஆனால் வரம்புக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. கொஞ்சம் குடித்தாலே நாம் பார்த்த அந்த ஒன்றரை விநாடி நீளத் தொடங்கும். கறுப்புக் கோப்பி குடித்தாலும் முகத்தைக் கழுவினாலும் போதை சீக்கிரம் இறங்காது. நேரம் ஆக ஆகத்தான் இறங்கும். குடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் சாவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

‘ஆபத்தான முறையில்’, ‘கவனக்குறைவாக’ – சட்டத்தில் என்ன வித்தியாசம்?

செய்திகளில் இந்த இரண்டு சொற்களையும் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இவை இரண்டு தனித்தனிக் குற்றங்கள்.

கவனக்குறைவாக ஓட்டுவது: போதிய கவனம் இல்லாமல் அல்லது சாலையில் இருக்கும் மற்றவர்களைப் பற்றி எண்ணாமல் ஓட்டுவது. திரும்பும்போது பார்க்காமல் திரும்புவது ஓர் உதாரணம்.

பொறுப்பற்ற அல்லது ஆபத்தான முறையில் ஓட்டுவது: பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் வேகத்தில் அல்லது விதத்தில் ஓட்டுவது. சாலையின் தன்மை, நிலை, பயன்பாடு எல்லாமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அந்த நேரத்தில் சாலையில் இருந்த வாகனங்கள் மட்டுமல்ல, அங்கே இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க வாகனங்களையும் சட்டம் பார்க்கும். "ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டுல யாருமே இல்லையே" என்ற சாக்கு அங்கே எடுபடாது.

தண்டனை, நேர்ந்த பாதிப்பைப் பொறுத்தது. ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால் முதல்முறை குற்றவாளிக்கு எட்டு ஆண்டு வரை சிறை. ஏற்கெனவே குற்றம் புரிந்தவர் என்றால் 15 ஆண்டு வரை. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்தால் முதல்முறை மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. முதல்முறை குற்றவாளிகளுக்கு இருந்த கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை அதில் நீக்கப்பட்டது. ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பார்த்து நீதிமன்றம் முடிவெடுக்கலாம் என்பது அதன் நோக்கம். சட்டம் இளகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மேலே சொன்ன உச்சவரம்பு அப்படியேதான் இருக்கிறது.

யாருக்கும் அடிபடவில்லை என்றாலும் ஆபத்தான முறையில் ஓட்டியதற்கே சிறைத்தண்டனை கிடைக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

புதிதாக உரிமம் எடுத்தவரா நீங்கள்?

முதல் ஓராண்டு உங்கள் காரில் ஆரஞ்சு நிற முக்கோண அடையாளம் இருக்க வேண்டும். அந்த ஓராண்டுக்குள் 13 அல்லது அதற்கு மேற்பட்ட குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்து. பிறகு கோட்பாட்டுத் தேர்விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும். எத்தனை மாத வகுப்பு, எவ்வளவு பணம் என்று உங்களுக்கே தெரியும்.

13 புள்ளி பெரிதாகத் தோன்றலாம். சிவப்பு விளக்கை மீறினால் ஒரே தடவையில் 12 புள்ளி. அதோடு சின்னதாக ஒரு வேகமீறல் சேர்ந்தால் போதும், கணக்கு முடிந்தது. மற்ற ஓட்டுநர்களுக்கு 24 மாதங்களில் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிக்கப்படும்.

வேகமீறலுக்கான குற்றப்புள்ளிகளும் அபராதமும் 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து உயர்த்தப்பட்டுள்ளன. சிவப்பு விளக்கைக் கண்காணிக்கும் கேமராக்கள் வேகத்தையும் பிடிக்கும் வகையில் 2024 ஏப்ரலிலிருந்து படிப்படியாக மாற்றப்பட்டன. "விளக்கு மாறுறதுக்குள்ள அடிச்சுப் போயிடலாம்" என்று முடுக்குபவர் இப்போது இரண்டு குற்றத்துக்கும் சேர்த்து மாட்டிக்கொள்ளலாம்.

யார் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்?

தப்பு செய்தவர்தான் அடிபடுவார் என்று எந்த விதியும் இல்லை. சாலையில் இரும்புக் கூடு இல்லாதவர்களைப் பாருங்கள்.

அதிகாலை ஐந்து மணிக்கு ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வரும் மோட்டார்சைக்கிளோட்டிகள். அவர்களில் நம் தமிழர்கள் எத்தனையோ பேர். சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் இளையர்கள். சாலையைக் கடக்க நேரம் எடுக்கும் தாத்தா, பாட்டிகள். மூத்தோர் அதிகம் நடமாடும் ‘சில்வர் ஸோன்’ பகுதிகளில் வேகவரம்பை 40 அல்லது 30ஆகக் குறைத்திருப்பது அவர்களுக்காகத்தான்.

பிறகு, லாரியின் பின்பகுதியில் உட்கார்ந்து வேலையிடத்துக்குச் செல்லும் வெளிநாட்டு ஊழியர்கள். அங்கே இருக்கை வார் கிடையாது. 2021 ஏப்ரல் 20ஆம் தேதி காலை, தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச்சென்ற லாரி ஒன்று, நின்றிருந்த டிப்பர் லாரிமீது மோதியது. 17 ஊழியர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இருவர் மாண்டனர். ஒருவர் பங்ளாதேஷைச் சேர்ந்தவர், இன்னொருவர் இந்தியாவைச் சேர்ந்தவர். லாரியின் வேகத்தை முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இல்லை.

2024 ஏப்ரல் 22ஆம் தேதி, திங்கட்கிழமைக் காலை. பள்ளிக்கும் வேலைக்கும் போகும் நேரம். தெம்பனிஸில் ஒரு சாலைச் சந்திப்பில் ஆறு வாகனங்கள் சிக்கிய விபத்தில் இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் 17 வயது மாணவி. உங்களில் பலருக்கு அந்தச் செய்தி நினைவிருக்கும். அன்று சாலையில் எல்லாரும் போல வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள்.

பின் இருக்கையில் இருப்பவர் என்ன செய்யலாம்?

இப்போது தொடக்கத்தில் பார்த்த அந்தக் காருக்கே வருவோம். ஸ்டியரிங் உங்கள் கையில் இல்லை. ஆனால் வாய் இருக்கிறது.

கிளம்பும் முன்பே பேசுங்கள். ஓடும் காரில் சொன்னால் குறை சொல்வதுபோல் இருக்கும். ஏறும்போதே, "அவசரமில்ல ப்ரோ, கடை எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிடுங்கள்.

பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். "நீ மோசமா ஓட்டுற" என்றால் சண்டை வரும். "மச்சான், எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் மெதுவா போடா" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஏற்றிவிடாதீர்கள். "அந்தக் காரை முந்துடா", "எவ்வளவு போகுதுன்னு பாப்போம்" – இப்படிச் சொல்பவரும் ஆக்சிலரேட்டரில் ஒரு காலை வைத்தவர்தான். வேகத்தைக் காணொளி எடுத்துப் பதிவேற்றுவதும் அப்படியே.

கேட்கவில்லையா? இறங்கிவிடுங்கள். "பாத்ரூம் போகணும், எங்கயாவது நிறுத்து" என்று சொல்லிப் பாதுகாப்பான இடத்தில் இறங்கி, வேறு வண்டி பிடித்து வீட்டுக்குப் போங்கள். 20 வெள்ளி செலவாகலாம். மறுநாள் அவர் உங்களோடு பேசாமலும் இருக்கலாம். ஆனால் கோபித்துக்கொள்ள அவரும் இருப்பார், சமாதானம் செய்ய நீங்களும் இருப்பீர்கள்.

ஓட்டுபவர் வீட்டில் மூத்தவராக இருந்தால் இன்னும் சங்கடம். "மாமா, தூக்கம் வர்ற மாதிரி இருக்கீங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?" என்று கேளுங்கள். நீண்ட பயணத்தில், முக்கியமாக விடுமுறையில் மலேசியாவுக்குக் காரில் போகும்போது, இந்த ஒரு கேள்வி ரொம்ப உதவும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வேகவரம்பு 110 என்பதற்காக 110இல்தான் போக வேண்டும் என்று இல்லை. அந்த வேகத்தில் நிற்க ஒன்பது பேருந்து நீளத்துக்கும் மேல் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விபத்தைக் கண்டால்?

• முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். விரைவுச்சாலையில் காரைவிட்டு இறங்கிச் சாலையில் நிற்காதீர்கள். தடுப்புக்கு அப்பால் போங்கள்.
• யாருக்காவது அடிபட்டிருந்தால் 995ஐ அழையுங்கள். காவல்துறைக்கு 999. எந்தச் சாலை, எந்தத் திசை, பக்கத்தில் எந்த வெளிவழி என்று சொல்லுங்கள்.
• அடிபட்டவரைத் தூக்காதீர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். தீப்பற்றுவது போன்ற உடனடி ஆபத்து அல்லது மூச்சு நின்றுபோவது மட்டுமே விதிவிலக்கு. அழைப்பை எடுப்பவர் சொல்வதைச் செய்யுங்கள்.
• நீங்கள் ஓட்டிய வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும், விவரங்களைக் கொடுக்க வேண்டும், உதவ வேண்டும். பயத்தில் ஓடிவிடுவது தனிக் குற்றம்.
• படம் எடுத்துப் பரப்புவதற்கு முன் யோசியுங்கள். அந்தப் படத்தை முதலில் பார்ப்பது அடிபட்டவரின் அம்மாவாகக்கூட இருக்கலாம்.

கடைசியாக...

அடுத்த முறை காரில் ஏறும்போது ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். முன்னால் போகும் வாகனத்தைப் பாருங்கள். நடுவில் எத்தனை பேருந்து நிற்கும் என்று எண்ணுங்கள். 50இல் மூன்று, 70இல் ஐந்து, 90இல் ஏழு.

எண்ணிக்கை குறைந்தால், ஓட்டுபவரிடம் சொல்லுங்கள்: "கொஞ்சம் மெதுவா போ."

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.